சபீதாவின் கைராசி

சபீதாவுக்குக் கைராசி உண்டு என்று முதலில் வாயைத் திறந்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். நல்லதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பான். அந்தச் சொல்தான் அவளை ஒரே நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்த்தி வைத்தது.

நான் பாக்கியசீலன். திருநெல்வேலி டவுனில் கீழ ரத வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பது சந்து முழுக்கத் தெரியும். எலி கடித்த காகிதத்தை நீட்டி, "தெளிவா விழணும்" என்று சொல்கிறவர்களிடம் எப்படி ஐயா சிரித்துப் பேசுவது? பக்கத்துக் கடை தில்லைநாயகம் அண்ணாச்சியுடையது. 'கம்ப்யூட்டர் ஜாதகம், கல்யாணப் பத்திரிகை' என்று போர்டு தொங்கும். இரண்டு கடைக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்குப் பலகை, அதற்கு மேல் கண்ணாடி. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

சபீதா மேலப்பாளையத்துக்காரி. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணமாகிப் பதினோராவது மாதம் உம்மா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அது ஏன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவளுடைய உம்மா ஜுபைதா பீவி வீட்டில் பீடி சுற்றுகிறவர். சபீதா தொண்ணூற்று மூன்றில் அண்ணாச்சி கடையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே கண்ணாடியைத் தட்டி, "சீலண்ணே, கத்தரிக்கோல் இருந்தாத் தாங்களேன்" என்றாள். தெருவே என்னை முசுடு என்று ஒதுக்கி வைத்திருந்தபோது சீலண்ணே என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு முன்னால் அங்கே சிவகணேஷ் என்று ஒருவன் இருந்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தான், திரும்பி வரவில்லை. கம்ப்யூட்டர் ஒன்றரை மாதம் துணி போர்த்திக் கிடந்தது. அதிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு பயம். சபீதா சேர்ந்த அன்றைக்கே அவளுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டுகள் எல்லாவற்றையும் வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். "பத்திரமா இருக்கும் தாயி" என்றார். அவளுக்கு ஒரு செட் நகல் எடுத்துக் கொடுத்தது நான்தான். நகலைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைப் பூட்டுவது இந்த ஊரில் எல்லாக் கடையிலும் நடக்கிறது என்பதால் அன்றைக்கு எனக்கு அது தப்பாகக்கூடத் தோன்றவில்லை.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. பெருநாளைக்கு அவளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். ஜாதகம் பார்க்க வந்த களக்காட்டுப் பண்ணையார் ஒருவர், "இந்தப் பிள்ளையா ஜாதகம் போடுது?" என்று இழுத்தபோது, "மெஷின் போடுது வே, நீரு நேரத்தைச் சரியாச் சொல்லும்" என்று வாயை அடைத்தவர். அந்தப் பண்ணையார் மகளுக்கு அடுத்த மாதமே கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகையும் இங்கேதான் அடித்தார்கள். அதிலிருந்து பிடித்தது வினை. ஆழ்வார்குறிச்சியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, "அந்தப் பிள்ளை கையால போடச் சொல்லுங்க" என்று காத்திருந்தார்கள். தன் கல்யாணம் பதினோரு மாதம்கூட நிலைக்காத ஒருத்தியிடம் கைராசி கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு டைப் அடிப்பாள்.

ஆனால் அந்த மெஷின் அவள் கைக்கு மட்டும் அடங்கியதற்குக் காரணம் வேறு. எனக்கே இது புரிய இரண்டு வருடம் ஆயிற்று, பொறுமையாகக் கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் இரண்டு புரோகிராம். ஜாதகம் கணிப்பது ஒன்று, பத்திரிகைக்குத் தமிழ் எழுத்து அடிப்பது இன்னொன்று. வேறு வேறு ஊர்க் கம்பெனிகள். ஆனால் இரண்டுக்குமே திரையில் தமிழ் எழுத்தைக் காட்ட ஒரு துணை ஃபைல் வேண்டும். இரண்டு கம்பெனியும் ஒரே பெயரில் அந்த ஃபைலைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டருக்குள் எல்லோரும் எடுத்துப் புழங்கும் பொது இடத்தில் வைத்தன. ஜாதகக்காரன் வைத்தது பழையது, டைப்பிங்காரன் வைத்தது புதியது. ஒரு பெயரில் ஒன்றுதான் அங்கே இருக்க முடியும். யார் கடைசியாக வைத்தானோ அவனுடையது முன்னதை அழித்துவிடும். புதியது இருந்தால் ஜாதகக் கட்டத்தில் எழுத்துக்குப் பதிலாகப் பூச்சி ஊரும். பழையது இருந்தால் டைப்பிங் திறக்கவே திறக்காது, இங்கிலீஷில் ஏதோ திட்டிவிட்டு மூடிக்கொள்ளும்.

சேர்ந்த மூன்றாவது வாரமே சபீதா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்த ஃபைலின் அளவு, தேதி எல்லாம் எழுதி, பழையதற்கு மூத்தவன் என்றும் புதியதற்கு இளையவன் என்றும் பெயர் வைத்தாள். மூத்தவனைச் சிவப்பு மையில் பெயர் எழுதிய பிளாப்பியிலும் இளையவனைப் பச்சை மையில் எழுதியதிலும் போட்டு வைத்துக்கொண்டாள். காலையில் ஜாதகத்துக்குச் சிவப்பைப் போட்டு மூத்தவனை இறக்குவாள். மதியத்துக்கு மேல் பத்திரிகைக்குப் பச்சையைப் போட்டு இளையவனை இறக்குவாள். கறுப்புத் திரையில் அவள் அடிக்கிற அந்த இரண்டு வரி அண்ணாச்சிக்கு மந்திரம் மாதிரி இருந்தது. தொடப் பயந்தார்.

இரண்டு கம்பெனிக்கும் கடிதம் எழுதினாள். டைப்பிங்கை எடுத்துவிடுங்கள், எல்லாம் சரியாகும் என்று ஜாதகக் கம்பெனி பதில் போட்டது. ஜாதகத்தை எடுத்துவிடுங்கள், எல்லாம் சரியாகும் என்று டைப்பிங் கம்பெனி பதில் போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைத்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து முழங்கையால் இடித்துக்கொள்ள விட்டிருப்பேன். அவள் சிரித்தாள். "பெரியவங்க ரெண்டு பேரு சண்டைக்கு நடுவுல நான் பிளாப்பி மாத்திக்கிட்டு இருக்கேன், சீலண்ணே."

தொண்ணூற்று ஆறு ஆவணியில் ஒரு புதன்கிழமை கடிதம் வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒன்பது வருடம் கழித்து, அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்முகம். அடுத்த வாரம் தாண்டி வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொக்கிரகுளத்தில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்கள் கட்டாயம். இடையில் பன்னிரண்டு நாள். வருகிற மார்ச்சோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இது போனால் இன்னொரு கடிதம் வராது.

அண்ணாச்சி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சந்தோசம் தாயி. நான் தடுக்கவா செய்யுதேன்? ஆனா நீ போயிட்டா நாளைக்கே இந்த மெஷின் படுத்துரும். ஆவணி முகூர்த்தம் தலைக்கு மேல நிக்குது. நீ இல்லாம ரெண்டும் ஓடுற மாதிரி செஞ்சு குடு. மூணு நாள், தொடர்ந்து மூணு காலையில, நீ வாரதுக்கு முன்ன என் கையால ரெண்டும் ஓடட்டும். அன்னைக்கே பீரோவைத் தொறந்துருதேன்."

"ஓடலைன்னா, அண்ணாச்சி?"

"ஓடும் தாயி. உன் கையி பட்டா ஓடும்."

அவர் பாசமாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த காகிதக் கட்டை மேஜையில் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். சபீதா நோட்டை எடுத்தாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஜாதகத்துக்கும் பத்திரிகைக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தாள். பொது இடத்திலிருந்து அந்த ஃபைலை அடியோடு எடுத்துவிட்டாள். மூத்தவனைக் கம்ப்யூட்டருக்குள் ஜாதகப் புரோகிராமுக்கென்று இருக்கிற தனி அறைக்குள்ளேயே வைத்தாள், இளையவனை டைப்பிங் அறைக்குள்ளேயே வைத்தாள். எது திறந்தாலும் தன் அறையில் இருப்பவனையே கூப்பிடும். பிளாப்பி வேண்டாம், கறுப்புத் திரை வேண்டாம். திரையில் இரண்டு படம், எது வேண்டுமோ அதை இரண்டு தட்டு. சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சியை உட்கார வைத்து ஏழெட்டு முறை செய்துகாட்டினாள். அவரும் செய்து பார்த்தார். ஓடியது.

"ஒரே ஒரு விசயம் அண்ணாச்சி. ஒண்ணை மூடிட்டுத்தான் இன்னொண்ணைத் தொறக்கணும்."

"அதுக்கென்ன தாயி, அப்படியே செய்யுதேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வருவதற்கு முன்னால் அண்ணாச்சி தன் கையால் டைப்பிங்கைத் தட்டினார். திறக்கவில்லை. அதே இங்கிலீஷ் திட்டு. சுவிட்சைப் போட்டு அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். ஒன்பதரைக்கு மேலப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கிய சபீதா சுவிட்சைப் போட்டாள், தட்டினாள், திறந்தது. மூடி ஜாதகத்தைத் தட்டினாள், அதுவும் திறந்தது.

"ஒண்ணை மூடிட்டுத்தானே தொறந்தீங்க?"

"நான் வேற ஒண்ணையும் தொறக்கவே இல்லியே தாயி. நேரா டைப்பிங்கைத்தான் தட்டுனேன்."

திங்கட்கிழமையும் அப்படியே. அண்ணாச்சி தட்டினால் திட்டு, சபீதா தட்டினால் திறக்கிறது. சந்தில் பேச்சு பரவிவிட்டது. பத்திரிகை வாங்க வந்த ஒரு அம்மாள் சபீதாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், ரேகையில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. "நான் சொன்னேன்லா தாயி" என்றார் அண்ணாச்சி. குரலில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்குச் சகிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டீ குடிக்கும்போது அவளிடம் கேட்டேன், மூடாமல் திறந்தால் என்னதான் ஆகும் என்று. அவள் டம்ளரை வைத்துவிட்டு விரலை நீட்டிச் சொன்னாள்.

"ஒரே பேருல ரெண்டு பையங்க, சீலண்ணே. ஒரு நேரத்துல ஒருத்தனுக்குத்தான் கிளாஸுக்குள்ள இடம். முதல்ல போனவன் உள்ள இருக்குத வரைக்கும், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவன்தான் எந்திரிச்சு நிப்பான். மத்தவன் வெளிய நிக்க வேண்டியதுதான். மூத்தவன் முதல்ல போயிட்டா, டைப்பிங் கூப்பிடும்போது மூத்தவன் வந்து நிப்பான். டைப்பிங்குக்கு அவனைப் பிடிக்காது, கத்தும். சும்மா சுருக்கிக் கீழ ஒளிச்சு வெச்சாலும் உள்ளதான் இருக்கான்னு அர்த்தம். மூடுனாத்தான் போவான். ஆனா அண்ணாச்சி ஜாதகத்தைத் தொறக்கவே இல்லைங்காரே."

அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் காலை ஏழரைக்கே கடை திறக்கிறவன். கண்ணாடி வழியாகத் தினமும் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. அண்ணாச்சி நெற்றி நிறையத் திருநீறோடு வருவார். கம்ப்யூட்டரைப் போடுவார். அந்த ஜாதகப் புரோகிராமின் முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையார் படம் வரும், பெரிதாக, கலரில். அதைத் திறந்து வைத்து, பத்தி கொளுத்தி, திரைக்குச் சூடம் காட்டுவார். சபீதா வருவதற்குள் முடித்துவிடுவார், அந்தப் பிள்ளை முன்னால் செய்து சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதை. முடிந்ததும் புரோகிராமை மூட மாட்டார். மூடப் போனால் பிள்ளையார் படத்துக்குக் கீழேயே, 'வெளியேற வேண்டுமா?' என்று அது கேட்கும். காலங்காத்தாலே பிள்ளையாரைப் பார்த்து, ஆமாம், வெளியேறு என்று சொல்ல எந்தச் சைவனுக்கு மனது வரும்? அதனால் மூலையில் ஒரு தட்டுத் தட்டிச் சுருக்கி வைத்துவிடுவார். பிள்ளையார் கீழே போய் ஒளிந்துகொள்வார். சாதாரண நாட்களில் பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுப் பேப்பர் படிப்பார். இந்த நாட்களில், அணைக்காமல் டைப்பிங்கைத் தட்டினார். மூத்தவனை உள்ளே உட்கார வைத்துவிட்டு இளையவனைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அவர் ஜாதகத்தைத் திறக்கவில்லை, சாமி கும்பிட்டார். அதைப் போய் யாராவது கம்ப்யூட்டர் வேலை என்று சொல்வார்களா?

சரி, எனக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையிலேயே சொல்லியிருக்கலாம், ஒரு வாக்கியம்தான். சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். வேறு மதத்துக்காரன் நான், அவர் பூசையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். மூன்று வருடமாக அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் காலை தொடங்கும். அதற்கு என்ன பெயர் என்று நான் யோசித்ததில்லை. அண்ணே என்று கூப்பிடுகிறவளை வைத்து என்னத்தை யோசிப்பது. போய்விடக் கூடாது, அவ்வளவுதான். இந்த வேலை தப்பினால் அவள் இங்கேயே இருப்பாள். இந்த எண்ணம் எனக்குள் வந்தது, நான் அதை விரட்டவில்லை.

புதன்கிழமை காலை மறுபடியும் பிள்ளையார், மறுபடியும் திட்டு. நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காகிதம் அடுக்கினேன். அன்று முழுக்க அவள் ஃபைலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை புரோகிராம் இரண்டையும் அழித்து, முதலிலிருந்து ஏற்றினாள். நோட்டில் பக்கம் தீர்ந்து அட்டையின் உள்பக்கத்தில் எழுதினாள். வாடிக்கையாளர்களிடம் நான் எரிந்து விழுந்தேன். ஒரு பெரியவரின் ரேஷன் கார்டைத் தலைகீழாக நகலெடுத்து அவர் கையிலேயே திணித்தேன். என்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்க?

வெள்ளிக்கிழமை காலையும் ஓடவில்லை. மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். சபீதா நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"என்ன, டீ வேண்டாமா?"

"சீலண்ணே, எனக்கு இப்ப என்ன தோணுது தெரியுமா? எல்லாரும் சொல்லுதது நெசமா இருக்குமோன்னு தோணுது. என் கையிலதான் ஏதோ இருக்கு. அந்த வீட்டுல இருந்தப்பவும் எது நடந்தாலும் உன் கைதான், உன் கைதான்னு சொன்னாங்க. அங்கன அது ஆகாத கை. இங்கன ராசியான கை. ரெண்டு எடமும் விட மாட்டேங்குது. உம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன், போகலைன்னு."

ஃபைலின் அளவையும் தேதியையும் எழுதி வைத்துப் பார்த்துத்தான் எதையும் நம்புவாள். அந்தப் பெண் தன் கையைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இன்னைக்குக் காலையில ஒண்ணு பாத்தேன், சபீதா" என்று ஆரம்பித்துச் சூடத்தையும் பிள்ளையாரையும் சொன்னேன். இன்றைக்குக் காலையில்தான் பார்த்தேன் என்று சொன்னேன். அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பிள்ளையாரு உள்ளயே இருந்திருக்காரா?" என்றாள். பிறகு உட்கார்ந்து, ஜாதகத்தைத் திறந்து, பிள்ளையார் படத்தை அப்படியே பிடித்து எடுத்து, கம்ப்யூட்டர் போட்டதுமே முதலில் தெரிகிற பின்திரையில் அதை விரித்து வைத்தாள். மற்றப் படங்களை எல்லாம் சின்னதாக்கிக் கீழே ஒதுக்கினாள், பிள்ளையாரின் முகம் மறையாதபடி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அண்ணாச்சி வந்ததும் பைய எடுத்துச் சொன்னாள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"சாமி கும்பிட்டது தப்புங்கியா தாயி?"

"தப்பு இல்லை அண்ணாச்சி. அவரு உள்ள இருக்காருல்லா, அதான் இன்னொருத்தனால வர முடியலை. அவரை வெளிய போகச் சொல்ல வேண்டாம். இந்தா பாருங்க, வாசல்லயே உக்காத்தி வெச்சிருக்கேன். மெஷினைப் போட்டதும் இவருதான் முதல்ல. தொறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்."

அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையார் வாசலில் இருப்பதுதானே முறை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார்.

சனிக்கிழமை காலை சூடம் காட்டி முடித்து டைப்பிங்கைத் தட்டினார். திறந்தது. மூடினார், ஜாதகத்தைத் தட்டினார், திறந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. இரண்டு நாளும் அண்ணாச்சி சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை. ஞாயிறு சாயங்காலம், "அப்ப மூணு வருசமா நீ இல்லாமலே ஓடியிருக்கும், என்ன தாயி?" என்று கேட்டார். போகத்தானே துடித்தாள், ஆனாலும் அந்தக் கேள்வியில் அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை. நேர்முகம் பத்து மணிக்கு. சபீதா எட்டு மணிக்கே வந்து என் கடை வாசலில் நின்றாள், அண்ணாச்சி தட்டும்போது தான் உள்ளே இருக்கக் கூடாது என்று. அண்ணாச்சி உள்ளே போனார். சுவிட்சைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. சந்து முழுக்கக் கரண்ட் இல்லை. என்னுடைய மெஷினும் இருட்டாகக் கிடந்தது. விசாரித்தால், ஏதோ பராமரிப்பாம், சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருமாம்.

எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. அண்ணாச்சி விசிறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன தாயி செய்ய? ரெண்டு நாள் ஓடுச்சு, சரிதான். மூணாவது நாள் பாக்கலியே. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா. சாயங்காலம் கரண்ட் வந்ததும் பாத்துட்டு அந்த நிமிசமே தாரேன்."

"பத்து மணிக்கு, அண்ணாச்சி" என்றாள். வேறு ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. என்னிடம் வாங்கிய நகல் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதை வைத்துக்கொண்டு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான் கத்தத்தான் நினைத்தேன். கத்தியிருந்தால் அண்ணாச்சியும் கத்தியிருப்பார், பத்து மணி ஆகியிருக்கும். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அந்த மூணாவது நாளை எடுத்தது நான். பிள்ளையார் விசயம் எனக்குப் போன செவ்வாக்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்கலை. அன்னைக்கே சொல்லியிருந்தா புதன், வியாழன், வெள்ளின்னு மூணு நாளும் முடிஞ்சு சர்டிபிகேட்டு அவ கையில இருந்திருக்கும். நீங்க சொன்ன சொல்லு தப்பலை. நான்தான் அந்த நாளைத் தின்னுட்டேன். குடுத்துருங்க."

அண்ணாச்சியின் கையில் விசிறி நின்றுவிட்டது.

"ஏலே சீலா, எதுக்குலே?"

"அவ போயிரக் கூடாதுன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் பூட்டி வெச்சது ஊருக்கே தெரியும்லே. அவளுக்கும் தெரியும். நீ கூடவே உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு செஞ்சிருக்க." மடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

நான் சபீதாவைப் பார்க்கவில்லை. அவள்தான் பேசினாள்.

"நான் கையை விரிச்சு வெச்சுப் புலம்புனப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அண்ணாச்சி உறையை அவள் கையில் கொடுத்து, "போயிட்டு வா தாயி, நல்லபடியா முடியும்" என்றார். ஆட்டோவை அவரே கைதட்டிக் கூப்பிட்டார். ஆட்டோ சந்து முனை திரும்பும்வரை நின்றார். ஒன்பது இருபது. ஈரடுக்குப் பாலத்தில் நெரிசல் இல்லாமல் இருந்தால் ஆற்றைத் தாண்டி ஒன்பதே முக்காலுக்குப் போய்விடலாம். நெரிசல் இருக்கக் கூடாது என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தேன்.

போய்ச் சேர்ந்திருக்கிறாள். உள்ளே இரண்டு நிமிடம்கூட வைத்திருக்கவில்லையாம். ஒரிஜினலை நகலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்களாம். இதெல்லாம் அண்ணாச்சி சொல்லி எனக்குத் தெரியும். அந்த மாதம் முடிகிறவரை அவள் கடைக்கு வந்தாள், முகூர்த்த வேலைகளை முடித்துக் கொடுத்தாள். கண்ணாடி தட்டப்படவில்லை. டீக்கு நான் தனியாகப் போனேன்.

மெஷின் இன்றுவரை ஓடுகிறது. அண்ணாச்சியே உட்கார்ந்து இரண்டையும் திறக்கிறார், மூடுகிறார். வாசலில் பிள்ளையார் இருக்கிறார். யாராவது வந்து, "அந்தக் கைராசிக்காரப் பிள்ளை எங்கே?" என்று கேட்டால், "அது கை இல்லை வே, மூளை" என்கிறார்.

தை பிறந்து ஒரு நாள் சபீதா வந்தாள். திசையன்விளையில் வேலை போட்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு இனிப்புப் பொட்டலம் கொடுத்தாள், அவர் சத்தம் போட்டுச் சந்தோசப்பட்டது இந்தப் பக்கம் கேட்டது. பிறகு என் கடைக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன். நாலைந்து மாதமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் நியமன உத்தரவைப் பலகைமேல் வைத்தாள்.

"ரெண்டு காப்பி எடுக்கணும், ஸார்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். ஒரிஜினலை மறக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.